மானாவாரிக்கு வந்த மானியம்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த உழக்கையாவது மிஞ்சச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் உலகில் பல நாட்டு அரசுகளும் உழவர்களுக்கு மானியமும் உதவித் தொகையும் அளித்து வருகின்றன. பொருளியல் வகுப்பில் மானியம் என்பதற்கு இலக்கணம் படிக்கிறோம்; அதன் வகைகளை வரிசைப்படுத்தித் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால், சாத்தூர் வட்டத்தின் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் எனக்கு, அந்த இலக்கணத்தைவிட எளிய கேள்வி ஒன்றே மனத்தில் நிற்கிறது. அரசு கொடுக்கும் பணம் எந்த வழியாக வருகிறது? யார் கையில் போய்ச் சேருகிறது? யார் கைக்கு எட்டாமல் போகிறது? நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணும் மழையும்

முதலில் நம் மண்ணைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. வைப்பாறு நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போனாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே மணலைத்தான் காண முடியும். வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடியில் அணை இருக்கிறது. ஊருக்கு ஊர் கண்மாய்களும் உண்டு. எனினும் வட்டத்தின் பெரும்பான்மையான புஞ்சைக் காடுகள் வானத்தை நம்பியவை. இதைத்தான் மானாவாரி என்கிறோம்.

கரிசலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டால் பல நாள் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தியும், மக்காச்சோளமும், கம்பும், சோளமும், உளுந்தும், பாசியும், மல்லியும் விளைகின்றன. புரட்டாசியில் உழவும் விதைப்பும். கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பும் மேலுரமும். தையில் பயறு வகைகள். மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு. இதுவே இங்குள்ள உழவனின் நாட்காட்டி. இந்த நாட்காட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான், சென்னையிலும் டெல்லியிலும் வகுக்கப்படும் திட்டங்கள் இங்கே எப்படிப் பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பது விளங்கும்.

நான்கு வாய்க்கால்கள்

உழவர்க்கு வரும் அரசுப் பணத்தை நான்கு வாய்க்கால்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பொருளின் விலையிலேயே கழிந்துபோகும் மானியம். 45 கிலோ யூரியா மூட்டையைப் பல ஆண்டுகளாக உழவர் 266 ரூபாய் 50 காசு விலைக்கே வாங்குகிறார். அதை ஆக்கவும் இறக்கவும் பிடிக்கும் செலவு இதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. 2018ஆம் ஆண்டு முதல், கடையில் உள்ள கருவியில் உழவர் கைரேகை வைத்து மூட்டையை வாங்கிய பிறகே நிறுவனத்துக்கு அந்தப் பணம் போகிறது. இதுபோன்றதே இலவச மின்சாரமும். 1984இல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கிய சலுகை, 1989இல் அமைந்த ஆட்சியின் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. அதற்குப் பின்னே 1970களில் சி. நாராயணசாமி நாயுடு முதலியோர் தலைமையில் நடந்த மின்கட்டணப் போராட்டங்களின் வரலாறு இருக்கிறது.

இரண்டாவது, நேரே வங்கிக் கணக்குக்கு வரும் ரொக்கம். ‘பிரதமர் கிசான்’ என்று நாம் அழைக்கும் ஆறாயிரம் ரூபாய்த் திட்டம் இவ்வகை.

மூன்றாவது, பயிர் கெட்ட பிறகு வரும் ஈடு. வறட்சி நிவாரணமும் பயிர்க் காப்பீடும் இதில் அடங்கும்.

நான்காவது, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வது. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு இவ்வாறு செய்தது. 2021 பிப்ரவரியில் அறிவித்த தள்ளுபடி மட்டும் 16 இலட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய்.

இந்த நான்கில் முதல் வாய்க்கால் மிகப் பெரியது. ஆனால் அது நீர் இருக்கும் இடத்தை நோக்கியே ஓடும். கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு மின்சாரம் இலவசம். கிணறே இல்லாத மானாவாரிக்காரருக்கு அந்த இலவசத்தால் என்ன பயன்? நெல்லுக்கும் வாழைக்கும் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறவர் ஒவ்வொரு மூட்டையிலும் மானியம் பெறுகிறார். மழை வந்தால் மட்டும் ஒரு கை மேலுரம் தூவும் கரிசல்காரர் பெறுவது சொற்பம். நான்காவது வாய்க்காலும் அப்படியே: சங்கத்தில் கடன் வாங்க முடிந்தவருக்கே தள்ளுபடி, நகையை அடகு வைத்தோ கைமாற்றாகவோ விதை வாங்கியவருக்கு இல்லை. எனவே நம் பகுதிக்கு இரண்டாவதும் மூன்றாவதுமே முக்கியம். அவை யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு காகிதங்கள்.

சிட்டாவும் அடங்கலும்

நம் வீடுகளில் ‘சிட்டா, அடங்கல்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு. பட்டாவும் அதன் சுருக்கமான சிட்டாவும் ‘இந்த நிலம் யாருடையது’ என்று கூறுபவை. அடங்கல் என்பது கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண் கணக்கு. ‘இந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி’ என்பதை அது காட்ட வேண்டும். சுருங்கச் சொன்னால், பட்டா உடைமையைப் பேசும். அடங்கல் உழைப்பைப் பேசும்.

பட்டாவின் கதை நீண்டது. 1979இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. இன்றும் ஊரில் பெரியவர்கள் ‘யூ.டி.ஆர். பட்டா’ என்று சொல்வது அதைத்தான். இடையே 1980 நவம்பரில், பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, அதன்பின் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அன்று எழுதிய பட்டாக்களில் பல, பின்பு தலைமுறை மாறியும் பெயர் மாறாமல் நிற்கின்றன. தாத்தா காலமாகி ஆண்டுகள் பல ஆகியிருக்கும். பிள்ளைகள் வாய்ப் பேச்சாகப் பாகம் பிரித்து வரப்பு வைத்து உழுதுகொண்டிருப்பார்கள். கணினியைத் தட்டினால் தாத்தா பெயரே வரும்.

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். அப்பாவின் பங்கு இரண்டரை ஏக்கர். பட்டா இன்றும் தாத்தா பெயரில். நான்கு பங்காளிகளும் வாரிசுச் சான்றுடன் ஒன்றாக வந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில். ஆகவே எங்கள் வீட்டுக்கு அந்த ஆறாயிரம் இதுவரை வரவில்லை. இதில் அலுவலகத்தைக் குறை கூற நான் வரவில்லை. ஒரு காகிதம் பழையதாக இருந்தால், அதன்மேல் கட்டிய புதிய திட்டம் எப்படித் தடுமாறும் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

ஆறாயிரத்தின் கணக்கு

பிரதமர் கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கப்பட்டு, 2018 டிசம்பர் முதற்கொண்டு கணக்கிடப்பட்டது. முதலில் இரண்டு எக்டேர் வரை நிலமுடைய குடும்பங்களுக்கு என்றிருந்தது, அதே ஆண்டில் நிலமுடைய குடும்பங்கள் அனைத்துக்கும் விரிந்தது. வருமானவரி செலுத்துவோர், பெரும்பாலான அரசு ஊழியர்கள், மாதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் விலக்கப்பட்டனர். கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆறாயிரம், மூன்று தவணையாக. 2019 பிப்ரவரி முதல் நாளன்று நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தவரே தகுதியுடையவர். அதற்குப் பின் பெயர் மாறியது வாரிசு முறையில் என்றால் மட்டும் விலக்கு உண்டு.

நாளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால் பதினாறரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தேநீர்க் காசு என்று ஏளனம் செய்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. விதைப்புக்கு முன் கையில் இரண்டாயிரம் இருந்தால் ஓர் ஏக்கர் உழவுக்கோ விதைக்கோ வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. தொகை சிறிதானாலும் நேரத்தில் வந்தால் அதன் மதிப்பு பெரிது.

ஆனால், நேரத்தில் வருகிறதா? ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான தவணையே நம் விதைப்புக் காலத்துக்கு உரியது. அது 2020இலும் 2021இலும் ஆகஸ்டு 9ஆம் நாள், அதாவது ஆடி மாதத்திலேயே வந்தது. 2022இல் அக்டோபர் 17. புரட்டாசி முடிகிற நாள். 2023இல் நவம்பர் 15, ஐப்பசி கடைசி. 2024இல் அக்டோபர் 5, நடுப் புரட்டாசி. 2025இல் நவம்பர் 19ஆம் நாள் கோயம்புத்தூரில் நடந்த விழாவில் 21ஆம் தவணையாக அது விடுவிக்கப்பட்டது. அன்று கார்த்திகை பிறந்துவிட்டது. திட்டத்தின் விதிப்படி இவை எல்லாமே அந்த நான்கு மாதங்களுக்குள் வந்தவைதாம். தாமதம் என்று யாரும் வழக்காட முடியாது. ஆனால் கரிசலில் ஆடியில் வந்த இரண்டாயிரம் விதையாகும். கார்த்திகையில் வந்த இரண்டாயிரம், விதைக்காக வாங்கிய கடனுக்கு வட்டியாகும்.

இனி யாருக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். பட்டாக்காரர் சிவகாசியில் கடை வைத்திருக்கலாம், மதுரையில் குடியேறியிருக்கலாம், பத்தாண்டாகக் காட்டுப் பக்கம் வராமலும் இருக்கலாம். வருமானவரி கட்டாதவரை அவருக்குப் பணம் உண்டு. அவர் நிலத்தை வாரத்துக்கோ கட்டுக்குத்தகைக்கோ பிடித்து, விதை தூவி, களை வெட்டி, காட்டுப் பன்றிக்குக் காவல் இருந்து பாடுபடுகிறவருக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மகனும் மருமகளும் பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போனபிறகு, பிறர் நிலத்தில் தனியாகப் பாசி போட்டு எடுப்பவர். என் கைப்பேசியைப் பார்க்கும்போதெல்லாம், “ஏய்யா, எனக்கும் அந்த ரூவா ஏறிருக்கான்னு பாரேன்” என்பார். அவர் பெயரில் நிலம் இல்லை. ஆகவே பட்டியலில் அவர் பெயரும் இல்லை. நம் வட்டாரத்தில் ஆட்கள் ஆலைக்கும் நகரத்துக்கும் போகப் போக, நிலம் ஒருவர் பெயரிலும் உழவு வேறொருவர் கையிலும் இருப்பது பெருகி வருகிறது என்பது ஊரில் இருப்பவர்களுக்குக் கண்கூடு.

சராசரி என்னும் அளவுகோல்

ரொக்க உதவி பட்டாவைப் பார்க்கிறது என்றால், மூன்றாம் வகையான ஈடு அடங்கலைப் பார்க்கிறது. இதில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு.

2016ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்தபோது, 2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழக அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. நெல்லுக்கும் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய். நெல் தவிர்த்த மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய் என்று வகுத்தார்கள். பாசனப் பயிருக்குச் செலவு அதிகம் என்பதால் ஈடும் அதிகம். அதில் நியாயம் உண்டு. ஆனால் மழை தவறினால் முழுவதும் இழப்பவர் மானாவாரிக்காரரே என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு இன்னும் சற்று நுட்பமானது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் கரீப் பருவமானால் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2, ராபிப் பருவமானால் ஒன்றரை, பருத்தி போன்ற பணப்பயிர்களுக்கு 5 வீதம் வரை உழவர் கட்ட வேண்டும். எஞ்சிய பிரிமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அந்தப் பங்கே இத்திட்டத்தின் மானியம்.

இழப்பை எப்படி அளக்கிறார்கள்? ஒவ்வொருவர் காட்டையும் பார்த்து அன்று. வருவாய்க் கிராமத்தையோ பிர்க்காவையோ ஓர் அலகாகக் கொண்டு, அதில் தேர்ந்தெடுத்த சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரியைக் கொண்டு உத்தரவாத மகசூல் என்று ஒன்றைக் குறித்திருப்பார்கள். இவ்வாண்டுச் சராசரி அதைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் ஈடு.

ஓர் எடுத்துக்காட்டு. உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இவ்வாண்டுப் பரிசோதனைச் சராசரி 800 கிலோ. குறை ஐந்தில் ஒரு பங்கு. ஈடு 4,000 ரூபாய். முழுதும் கருகிப் போனவருக்கும் நாலாயிரம். 1,200 கிலோ எடுத்தவருக்கும் நாலாயிரம். சராசரி 1,000 கிலோவாக வந்துவிட்டால் கருகியவருக்கும் ஒன்றுமில்லை.

கரிசல் மழையின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே விளங்கும். ஓடைக்கு வடபுறம் கொட்டித் தீர்த்த மழை தென்புறம் தூறாமலே போவதுண்டு. தஞ்சைச் சமவெளியில் ஒரே வாய்க்கால் நீரில் விளையும் நெல்லுக்குச் சராசரி ஓரளவு பொருந்தும். மேகம் போன போக்கில் விளையும் மானாவாரிக்கு அவ்வளவு பொருந்தாது. ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற சில இடர்களுக்கு மட்டும் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனித்தனியே பார்த்து மதிப்பிடும் முறை இருக்கிறது. காட்டு விலங்குச் சேதமும் அவ்வாறே 2026 கரீப் முதல் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆயினும் வறட்சி இன்னமும் சராசரிக்கு உட்பட்டதே.

இவ்வளவு குறையிருந்தும் காப்பீடு நல்ல திட்டம் என்றே சொல்வேன். பிறர் நிலத்தை உழுகிறவரையும் உழவராக ஏற்றுக்கொள்ளும் அரிய திட்டங்களுள் அது ஒன்று. அதற்கு அவர் பெயர் கண்ட அடங்கல் வேண்டும். அங்கேதான் முடிச்சு விழுகிறது.

முடிச்சு

குத்தகைக்குக் கொடுத்தவர், உழுகிறவர் பெயர் அடங்கலில் ஏறுவதை விரும்புவதில்லை. அவரைக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு ஓர் அச்சம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுபவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தன. மிராசுதார்களிடம் சிக்கித் தவித்த குத்தகை உழவர்களுக்கு அவை வேலியாக அமைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று மூன்று ஏக்கர் வைத்திருந்து, பிழைப்புக்கு வெளியூர் போன சிறு உடைமையாளர், ‘ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் நிலம் திரும்பி வராது’ என்று அஞ்சுகிறார். எனவே குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. அடங்கலில் ‘சுயசாகுபடி’ என்றே எழுதப்படுகிறது. உழைப்பைப் பேச வேண்டிய காகிதமும் உடைமையையே பேசத் தொடங்கிவிடுகிறது. உழுகிறவரும் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்க வேண்டுமே என்று வாய் திறப்பதில்லை.

பருத்தி விளைந்த இன்னொரு மண்

இச்சிக்கல் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. நம்மைப்போலவே பருத்தியை நம்பியிருந்த அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதுவே நடந்தது. பருத்தி விலை படுவீழ்ச்சியடைந்த 1933இல், அதிபர் ரூசுவெல்ட்டின் அரசு வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்றுவது அதன் நோக்கம். அவ்வாண்டுக் கோடையில் நின்ற பயிரில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. அதற்கு அரசு பணம் கொடுத்தது. பணம் நில உடைமையாளர் வழியாகப் போயிற்று. வாரத்துக்கு உழுதவர்களுக்கு அதில் பங்கு தர வேண்டும் என்று ஏற்பாடு இருந்தும், பலருக்கு அது போய்ச் சேரவில்லை. பயிரிடும் பரப்பு குறைந்ததால் ‘இனி நீ வேண்டாம்’ என்று பல குடும்பங்கள் வெளியேற்றவும் பட்டன. 1934இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்ற சிற்றூரில், கறுப்பரும் வெள்ளையருமான வாரச் சாகுபடியாளர்கள் ஒன்றுகூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தை அமைத்தது இதன் விளைவே. உழவரைக் காக்க வந்த பணம், உடைமை வழியாக மட்டும் பாய்ந்ததால், உழுதவரையே ஊரைவிட்டுப் போகச் செய்தது.

நம் நாட்டிலேயே இதற்கு மாற்றுத் தேடியவர்கள் உண்டு. 2018 டிசம்பரில் ஒடிசா அறிவித்த ‘காலியா’ திட்டம், சிறு குறு விவசாயிகளோடு நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் கணக்கில் கொண்டது. ஆந்திரம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. அதன்படி உடைமையாளரும் உழுபவரும் பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உழுபவருக்கு ஓர் அட்டை கிடைக்கும். அதைக் காட்டிப் பயிர்க் கடனும் காப்பீடும் ஈடும் பெறலாம். நிலத்தின் மேல் அவருக்கு எந்த உரிமையும் வராது என்பதும் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. உடைமையாளரின் அச்சத்தை நேருக்கு நேர் பார்த்து விடை சொன்ன முயற்சி இது. ஒப்பந்தத்துக்கு உடைமையாளர் கையொப்பம் வேண்டும் என்பதால் அங்கும் பலர் விடுபட்டனர். ஆனாலும் வழி ஒன்று இருக்கிறது என்பதை அது காட்டியது.

காகிதத்தை மட்டும் நம்பினால்

‘பட்டாவைப் பார்க்காமல் கொடுத்தால் கண்டவர்களும் வாங்கிவிடுவார்களே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்ததை மறக்க முடியாது. கிசான் திட்டத்தில் இணையவழிப் பதிவு எளிதாக்கப்பட்டிருந்த காலத்தில், இடைத்தரகர்கள் புகுந்து, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் தகுதியற்றவர்களைச் சேர்த்துவிட்டனர். ஆகஸ்டில் முறைகேடு வெளிப்பட்டபோது, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தவறாகப் பயன்பெற்றிருப்பதும், சுமார் 110 கோடி ரூபாய் போயிருப்பதும் தெரிந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் மீட்கப்பட்டது.

இதிலிருந்து நான் கற்றுக்கொள்வது ஒன்று. அங்கே ஏமாற்றியவர்கள் ஊரார் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து, கடவுச்சொல்லைக் கொண்டு வேலையை முடித்தார்கள். எந்தக் காட்டை யார் உழுகிறார் என்பதில் ஊரை ஏமாற்ற முடியாது. அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அடங்கலை ஆண்டுதோறும் காட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதி, கிராம சபையில் உரக்கப் படித்தால் பொய்க்கு இடம் குறையும். 2025இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்த அடையாள எண் வழங்கும் பதிவு நடந்தது. அதுவும் நில ஆவணத்தை ஒட்டியே தொடங்கியிருக்கிறது. அந்த எண் நிலத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், உழுகிறவருக்கும் வரும்படி விரிந்தால்தான் முன்னேற்றம். இல்லையேல் பழைய பிழையைக் கணினியில் ஏற்றியதோடு வேலை முடிந்துவிடும்.

நாம் செய்யக்கூடியது

சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. ஆனால் நம் கல்லூரியில் படிப்போரில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறோம். நம்மால் ஆகக்கூடிய மூன்று சிறிய காரியங்கள் உண்டு.

ஒன்று, நம் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்ப்பது. தாத்தா பெயரில் இருந்தால், பங்காளிகள் பொங்கலுக்கோ கொடைக்கோ ஊரில் கூடும் நாளைப் பயன்படுத்தி வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பிக்கலாம். வரும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அதற்குத்தான் ஏற்பாடு நடக்கிறது. அம்மாவின் பெயரும் பட்டாவில் சேர வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். காட்டில் பாதிப்பாடு அவருடையது.

இரண்டு, பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளை ஊரில் முன்கூட்டியே சொல்வது. பலர் காப்பீடு செய்யாததற்குக் காரணம் மனமின்மையன்று. நாள் கடந்தபின் தெரிவதே. சர்வே எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பிழையின்றி எழுதிக் கொடுப்பது பட்டப்படிப்புப் படிக்கும் நமக்கு அரை மணி நேர வேலை.

மூன்று, அடங்கலில் உண்மை ஏறும்படி கேட்பது. இது கடினமானது. உடைமையாளரும் உழுபவரும் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே உறவு. ஒருவர் மனம் நோகாமல் மற்றவர் உரிமையைப் பேசப் பொறுமை வேண்டும். பிறர் நிலம் பிடித்துப் பயிரிடுவோர் பெயரையும் கிராம சபையில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டால், அடுத்த முறை இருவர் கேட்பர்.

வள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தபோது, அதில் போற்றியது உழுது வாழ்வாரை. நம் திட்டங்களோ உழவர் என்ற பெயரால் உடைமையாளரை அழைத்துப் பணம் கொடுக்கின்றன. இருவரும் ஒருவராகவே இருந்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். ஒரே வீட்டில் ஒருவர் ஆலைக்கும் ஒருவர் காட்டுக்கும் போகிற இன்றைய சாத்தூர்ப் பக்கத்தில் அது பொருந்தவில்லை. மானியம் கூடவேண்டும் என்று கேட்பவர்கள் பலர். இருக்கும் மானியமாவது புரட்டாசிக்குள், ஏர் பிடித்த கைக்கு வர வேண்டும் என்று நாம் கேட்போம்.